முள் எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறது? அழுத்தமானி செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அழுத்தமானிகளைச் செய்கிற நிறுவனங்களுக்கும், அவற்றோடு வரும் கையேடுகளை எழுதுகிற பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் கருவிகளைக் கழற்றி, சரிபார்த்து, மறுபடி மாட்டுகிற வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு விசை), பார், கிலோபாஸ்கல், வெறும் 'கிலோ', பாதரச மில்லிமீட்டர், தண்ணீர் அங்குலம் என்று எல்லா அலகுகளும் என் மேசைக்கு வந்துபோகும். ஒன்றை இன்னொன்றாக மாற்றுவது பெரிய வித்தை இல்லை. கையில் ஃபோன் இருக்கிற யாரும் ஒரு நொடியில் மாற்றிவிடலாம். அப்படியிருந்தும், அலகு மாறுகிற இடத்தில்தான் சீல் பிதுங்குகிறது, வால்வு தவறான இடத்தில் திறக்கிறது. யாரும் பெருக்கலில் தப்பு விடுவதில்லை. பெருக்கத் தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியதை நீங்கள் எழுதாமல் விட்டுவிடுகிறீர்கள். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு இயந்திரத்துக்குக் காற்று இணைப்புக் கொடுக்கும் வேலை. கையேட்டில் 'உள்வரும் அழுத்தம் 2.0 பார் (29 பி.எஸ்.ஐ.)' என்று போட்டிருந்தது. கணக்கு சரிதான், 2 பார் என்றால் 29 பி.எஸ்.ஐ. ரெகுலேட்டரை மெல்லத் திருகினேன். முள் 2-இல் வந்து நின்றதும் பூட்டு நட்டை இறுக்கிவிட்டு வந்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, உள்ளே இருந்த ரப்பர் டயஃப்ரம், அதாவது அழுத்தத்தைத் தாங்கும் மெல்லிய சவ்வு, விளிம்பை ஒட்டி அரைவட்டமாகக் கிழிந்துவிட்டது. அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்: கையேட்டை எழுதியவர் சொன்ன 2 பார், முழு வெற்றிடத்திலிருந்து எண்ணிய 2 பார். என் முள் காட்டியதோ, சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தத்துக்கு மேலே எண்ணிய 2 பார். அவர் கேட்டது என் முள்ளின் கணக்கில் ஏறக்குறைய 1. டயஃப்ரத்தின் மறுபக்கம் வெளிக்காற்றுக்குத் திறந்திருந்ததால், அது தாங்க வேண்டிய சுமை அப்படியே இரண்டு மடங்காகிவிட்டது. கையேடு முழுக்கத் தேடினேன். கேஜ் அழுத்தமா (வெளிக்காற்றுக்கு மேலே எண்ணுவது), அப்சல்யூட் அழுத்தமா (வெற்றிடத்திலிருந்து எண்ணுவது) என்று ஒரு சொல்கூட இல்லை. கடைசிப் பக்கத்தில் இருந்த அலகு மாற்று அட்டவணையில் மட்டும் ஆறு தசம இடங்கள் இருந்தன.

அந்த ஆறு தசம இடங்கள் எனக்கு அன்றைக்கு எதற்கும் உதவவில்லை. ஒரு சொல் உதவியிருக்கும்.

இந்த இரண்டு தொடக்கப் புள்ளிகளின் வித்தியாசம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் உங்கள் டயலைப் படிக்கிறவர்களில் பலருக்கு அதை யாரும் சொல்லித் தந்ததில்லை. சாதாரண அழுத்தமானிக்குள் இருக்கும் வளைந்த குழாய், உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் காற்றழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஏற்ப நிமிர்கிறது. வெளிக்காற்று அதற்குப் பூஜ்யம். ஆனால் அந்தப் பூஜ்யத்துக்கே ஒரு எடை இருக்கிறது என்பதை இத்தாலிய அறிஞர் டோரிசெல்லியின் பாதரசக் குழாய் 1643-லேயே காட்டிவிட்டது. 1648-இல் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கேட்டுக்கொண்டபடி அவருடைய மைத்துனர் பெரியே அதே மாதிரிக் குழாயை பிரான்சின் பூய் தெ தோம் மலைமேல் கொண்டுபோனபோது பாதரசம் இறங்கியது. அதாவது, நம் முள்ளின் பூஜ்யம் மலையேறினால் இறங்கும். கடல்மட்டத்தில் அது 101.325 கிலோபாஸ்கல், பி.எஸ்.ஐ. கணக்கில் 14.7. 1,500 மீட்டர் உயரத்தில் சுமார் 84.5 கிலோபாஸ்கல், அதாவது 12.3 பி.எஸ்.ஐ. ஆகவே பி.எஸ்.ஐ.யிலிருந்து பாருக்குப் போவதற்கு ஒரு நிலையான எண் உண்டு. கேஜிலிருந்து அப்சல்யூட்டுக்குப் போவதற்கு அப்படி ஒரு நிலையான எண் கிடையாது. இடமும் நாளும் தெரிய வேண்டும். உங்கள் மாற்று அட்டவணை எதுவும் இதைச் சொல்வதில்லை.

இது ஏதோ ஆய்வுக்கூட நுணுக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு டயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரி வெயிலில் 32 பி.எஸ்.ஐ. காற்று அடிக்கிறோம். இரவில் வெப்பநிலை 0 டிகிரிக்கு இறங்குகிறது. அழுத்தம் எவ்வளவு குறையும்? கெல்வின் வெப்பநிலைகளின் (டிகிரியோடு 273-ஐக் கூட்டியது) விகிதத்தை, அதாவது 273/303-ஐ, எடுத்து 32-ஐப் பெருக்கினால் 28.8 வரும். இந்த விடை தப்பு. முதலில் 14.7-ஐக் கூட்டி 46.7 ஆக்க வேண்டும், பெருக்கினால் 42.1 வரும், மறுபடி 14.7-ஐக் கழித்தால் 27.4. முள் காட்டப்போவது இதைத்தான். வாயு விதிகளுக்கு நம் முள்ளின் பூஜ்யம் தெரியாது, வெற்றிடத்தின் பூஜ்யம் மட்டுமே தெரியும். டயருக்கு 1.4 பி.எஸ்.ஐ. வித்தியாசம் பெரிதில்லை. ஒரு சிலிண்டருக்குள் எவ்வளவு வாயு மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் போடுகிற வேலையில், அதுவும் குறைந்த அழுத்தத்தில், இதே தப்பு பாதிக்குப் பாதி பிசகிவிடும்.

சரி, அடுத்தது 'கிலோ'.

காற்றோடு வேலை செய்கிறவர்கள் 'ஆறு கிலோ இருக்கு', 'எட்டு கிலோ வெச்சிருக்கேன்' என்றுதான் பேசுகிறார்கள். பேச்சில் அப்படிச் சொல்வதில் எனக்கு வருத்தமில்லை, கேட்கிறவருக்குப் புரிகிறது. ஆனால் டயலில் நீங்கள் 'கிலோகிராம் / சதுர செ.மீ.' என்று அச்சடிக்கும்போது, 'விசை' என்ற சொல்லை விழுங்கிவிடுகிறீர்கள். கிலோகிராம் நிறை, அது எதையும் அழுத்தாது. ஒரு கிலோகிராமைப் பூமி இழுக்கிற விசைதான் அழுத்துகிறது. அந்த இழுப்புக்கு 9.80665 என்ற எண்ணை 1901-இல் எடைகள், அளவைகள் பொது மாநாடு நிலையாக்கியது. அதனால்தான் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் விசை என்பது 98.0665 கிலோபாஸ்கல். ஒரு பார் 100 கிலோபாஸ்கல். ஒரு வளிமண்டலம் 101.325. பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இந்த மூன்றையும் நம் ஆட்கள் ஒன்றுக்கொன்று மாற்றிப் பேசுகிறார்கள். கீழே இருப்பதற்கும் மேலே இருப்பதற்கும் நடுவே 3.3 சதவீதம் இருக்கிறது.

என் மேசைக்கு வந்த ஒரு பழைய மானியைப் பற்றிச் சொல்ல வேண்டும். டயலில் இரண்டு வளைவுகள். வெளியே கறுப்பில் 0 முதல் 160 வரை பி.எஸ்.ஐ. உள்ளே சிவப்பில் 0 முதல் 11 வரை எண்கள். சிவப்பு எண்களுக்கு என்ன அலகு என்று எழுதியிருந்த இடத்தில் எண்ணெய் ஊறி எழுத்து அழிந்திருந்தது. கொண்டுவந்தவர் அதை இத்தனை காலமும் பார் என்றே நம்பிப் படித்துவந்திருக்கிறார். பூதக்கண்ணாடியை வைத்து சிவப்பு 10-இன் கோடு எங்கே விழுகிறது என்று பார்த்தேன். பாராக இருந்தால் அது கறுப்பு 145-இல் நிற்க வேண்டும். கிலோவாக இருந்தால் 142-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 142-ஐத் தாண்டி ஒரு மயிரிழையில் நின்றது. ஆக, அவர் பார் என்று குறிப்பேட்டில் எழுதிவந்த ஒவ்வொரு அளவும் 2 சதவீதம் கூடுதல். டயலே தன் அலகைக் காட்டிக்கொடுத்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். கோடுகளை அவ்வளவு துல்லியமாக வரைந்த அந்தக் கைகளுக்கு மரியாதை. அதே கவனத்தை அலகின் பெயருக்கும் கொடுத்து, அழியாத இடத்தில் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

டிஜிட்டல் மானிகளில் இது இன்னும் மோசம். ஒரு பொத்தானைத் தொட்டால் அலகு மாறுகிறது. 100 பி.எஸ்.ஐ. அழுத்தம் திரையில் 6.89 என்றும் வரும், 7.03 என்றும் வரும், 0.689 என்றும் வரும். முதலாவது பார், இரண்டாவது கிலோ, மூன்றாவது மெகாபாஸ்கல். எண் பெரிதாக, அலகு மூலையில் எறும்பு மாதிரி. கையுறை போட்ட விரல் தெரியாமல் பொத்தானில் பட்டால், 6.89-க்கும் 7.03-க்கும் நடுவே என்ன நடந்தது என்று யார் கவனிப்பார்கள்?

பி.எஸ்.ஐ. மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. மெட்ரிக் அலகு மட்டும்தான் வேண்டும் என்று கேட்கவும் வரவில்லை. பவுண்டு 0.45359237 கிலோகிராம், அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்று 1959-இல் ஒப்பந்தமாகிவிட்டது. மேலே சொன்ன 9.80665-ஐயும் சேர்த்தால் 1 பி.எஸ்.ஐ. = 6.894757 கிலோபாஸ்கல் என்று வருகிறது. இதில் அளந்து பார்க்க வேண்டியது ஒன்றுமில்லை, எல்லாம் வரையறை. பாஸ்கல் என்ற பெயரே 1971-இல்தான் அதிகாரபூர்வமானது. அதற்கு வெகுகாலம் முன்பே பி.எஸ்.ஐ. ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பழகிய மனக்கணக்கும் ஒன்று உண்டு: பி.எஸ்.ஐ.யை 7-ஆல் பெருக்கி, வந்ததில் ஒன்றரை சதவீதம் குறைத்தால் கிலோபாஸ்கல். 32-ஐ 7-ஆல் பெருக்கினால் 224. ஒன்றரை சதவீதம் போனால் 220.6. கருவியும் அதையேதான் சொல்லும். தண்ணீர்த் தொட்டிக்கு, 7 மீட்டர் உயரத் தண்ணீர் 10 பி.எஸ்.ஐ. இப்படிச் சில எண்களைக் கையில் வைத்திருக்கிறவர் பத்து மடங்கு தப்புகளை உடனே பிடித்துவிடுவார். உங்கள் கையேட்டின் அட்டவணைக்குப் பக்கத்தில் இப்படி இரண்டு வரி போட்டால் என்ன?

இனி, எண்ணை முழுமையாக்கும் (ரவுண்டு செய்யும்) விஷயம். இதில்தான் நீங்கள் நிஜமாகவே ஆபத்தை உண்டாக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

'சுமார் 30 பி.எஸ்.ஐ. (206.843 கிலோபாஸ்கல்)' என்று எழுதுகிறீர்கள். 'சுமார்' என்று சொன்ன பிறகு அந்த .843 எங்கிருந்து வந்தது? 0 முதல் 10 பார் வரை காட்டும், 1.6 வகுப்புத் துல்லியம் (முழு அளவில் 1.6 சதவீதம்) கொண்ட மானி 0.16 பார் வரை பிசகலாம் என்று நீங்களே சான்றிதழ் தருகிறீர்கள். அது 2.3 பி.எஸ்.ஐ. அந்த முள்ளை வைத்துக்கொண்டு ஒருவர் 206.843-ஐத் தேட முடியுமா? அந்த எண்ணைப் பார்க்கிற புது ஆள், அளவு அவ்வளவு கறாராக இருக்க வேண்டும் போல என்று பயந்து ரெகுலேட்டரைத் திருகிக்கொண்டே இருக்கிறார். 205 என்றோ 210 என்றோ எழுதுங்கள், போதும்.

அதைவிட முக்கியம், எந்தப் பக்கம் முழுமையாக்குவது என்பது. தாண்டக் கூடாத அளவென்றால் கீழே இறக்க வேண்டும். குறையக் கூடாத அளவென்றால் மேலே ஏற்ற வேண்டும். 150 பி.எஸ்.ஐ. உச்சவரம்பு என்றால் 1,034 கிலோபாஸ்கல் வரும். 1,030 என்று எழுதலாம், 1,050 என்று எழுதக் கூடாது. குறைந்தது 20 பி.எஸ்.ஐ. வேண்டும் என்றால் 138 வரும். 140 என்று எழுதலாம், 130 என்று எழுதக் கூடாது. பள்ளியில் சொல்லித் தந்த 'ஐந்துக்கு மேல் என்றால் ஏற்று' என்ற விதி இங்கே செல்லாது.

இது எப்படிச் சங்கிலியாகப் போகிறது என்று பாருங்கள். ஒரு குழாய் 10 பாருக்குச் செய்யப்பட்டது. சரியான பி.எஸ்.ஐ. 145. யாரோ ஒருவர் கைக்கு வாகாக 150 என்று எழுதுகிறார். அடுத்தவர் அந்த 150-ஐக் கிலோவுக்கு மாற்றி 10.5 என்று எழுதுகிறார். அவர் கணக்கு சரி. மூன்றாமவர் 'கிலோவும் பாரும் ஒண்ணுதானே' என்று 10.5 பார் என்று பெயர்ப் பலகையில் அடித்துவிடுகிறார். 10 பார் குழாய் மூன்று கை மாறுவதற்குள் 10.5 பார் குழாயாகிவிட்டது. பாதுகாப்புக்கென்று வைத்த இடைவெளியில் 5 சதவீதத்தை யாரும் யோசித்து முடிவெடுக்காமலேயே தின்றுவிட்டோம். மூல அலகு எது என்று முதல் தாளிலேயே குறித்திருந்தால், மூன்றாமவர் நேராக அங்கே போயிருப்பார்.

குளிர்சாதன வேலை செய்கிறவர்களின் கூட்டு மானியையும் இங்கே சொல்லியாக வேண்டும். பூஜ்யத்துக்கு வலப்பக்கம் பி.எஸ்.ஐ., இடப்பக்கம் பாதரச அங்குலம். ஒரே முள், இரண்டு அலகு. இடப்பக்கம் எண் கூடக் கூட வெற்றிடம் கூடுகிறது. அப்புறம் பம்பைப் போட்டு ஆழமான வெற்றிடத்துக்குப் போகும்போது மைக்ரான் மானியை எடுக்கிறார்கள். அது வெற்றிடத்திலிருந்து எண்ணுவது, அதில் எண் குறையக் குறைய வெற்றிடம் கூடுகிறது. 500 மைக்ரான் என்பது அரை மில்லிமீட்டர் பாதரசம், 67 பாஸ்கல். 5,000 மைக்ரானுக்கும் 500-க்கும் நடுவே கூட்டு மானியின் முள் அசைவது 0.2 பாதரச அங்குலம்கூட இல்லை, கடல்மட்டத்தில் 29.7-இலிருந்து 29.9-க்கு. முள்ளின் தடிமனே அவ்வளவு இருக்கும். ஈரம் போய்விட்டதா இல்லையா என்பது அந்த இடைவெளியில்தான் தெரியும், முள்ளுக்கு அது தெரியாது. கையேட்டில் '30 அங்குல வெற்றிடம் வரும்வரை ஓடவிடவும்' என்று எழுதுகிறவரை என்ன சொல்ல? கடல்மட்டத்தில், இயல்பான நாளில், முழு வெற்றிடமே 29.92 அங்குலம்தான்.

உங்கள் துறைக்கு வெளியே இதைக் கவனமாகக் கையாள்கிறவர்களிடமிருந்தும் கற்றுக்கொள்ளலாம். விமானத்தின் உயரமானியைத் திருத்தக் காற்றழுத்தம் சொல்கிறார்கள். அமெரிக்கா, கனடா, ஜப்பானில் பாதரச அங்குலம். பெரும்பாலான மற்ற இடங்களில் ஹெக்டோபாஸ்கல். தரையிலிருந்து '992' என்று வருகிறது. அங்குலத்துக்குப் பழகிய காது அதை 29.92 என்று எடுத்துக்கொண்டால்? 992 ஹெக்டோபாஸ்கல் என்பது 29.29 அங்குலம். இந்த வித்தியாசத்தில் விமானம் தன் கருவி காட்டுவதைவிட 600 அடிக்கு மேல் தாழ்வாகப் பறக்கும். அந்தத் துறை இந்த ஆபத்தை உணர்ந்திருப்பதால், குழப்பம் வரக்கூடிய இடத்தில் அலகையும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறது. மருத்துவமனை அறையில் ரத்த அழுத்தம் பாதரச மில்லிமீட்டரில், மூச்சுக்கருவி தண்ணீர் சென்டிமீட்டரில். 10 சென்டிமீட்டர் தண்ணீர் 7.4 மில்லிமீட்டர் பாதரசத்துக்குச் சமம். பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க 2013-இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கைக்குப் பிறகு பாதரசக் குழாய்கள் விடைபெற்றுக்கொண்டிருக்கின்றன. அவை தந்த அலகு மட்டும் இருக்கிறது. மருத்துவர்களுக்கு 120 என்றால் உடனே புரியும், 16 கிலோபாஸ்கல் என்றால் யோசிக்க வேண்டும். இருக்கட்டும். பழகிய அலகை யாரிடமிருந்தும் பறிக்கத் தேவையில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். டயலிலும், திரையிலும், கையேட்டின் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் கேஜா அப்சல்யூட்டா என்று எழுதுங்கள். அலகோடு ஒட்டி எழுதினாலும் சரி, 'கேஜ் அழுத்தம் 220 கிலோபாஸ்கல்' என்று முன்னால் எழுதினாலும் சரி. அலகு அலகாகவே இருக்க வேண்டும் என்கிறவர்களுக்கு இரண்டாவது பிடிக்கும், எனக்கு இரண்டும் சம்மதம். கருவி எந்த அலகில் வடிவமைக்கப்பட்டதோ அதை முதலில் போட்டு, மாற்றியதை அடைப்புக்குள் போடுங்கள், அதுவும் பாதுகாப்பான பக்கம் முழுமையாக்கி. கிலோகிராமோடு 'விசை' என்ற சொல்லைச் சேருங்கள். டிஜிட்டல் மானியில் அலகு பொத்தானைப் பூட்ட ஒரு வழி வையுங்கள். எந்த மானியும் இதனால் கனமாகிவிடாது. கொஞ்சம் மையும், எழுதுகிறவரின் ஐந்து நிமிடமும் போதும்.

அதுவரைக்கும் நான் செய்கிற காரியம் ஒன்று இருக்கிறது. என் மேசையிலிருந்து திரும்பிப் போகிற ஒவ்வொரு மானியின் கழுத்திலும் ஒரு சிறிய தகடு கட்டி அனுப்புகிறேன். அதில் ஆணியால் பொறித்திருப்பது மூன்றே விஷயம்: அலகின் முழுப் பெயர், எங்கிருந்து எண்ணுகிறது, எவ்வளவு பிசகலாம். போன வாரம் ஒருவர் தன் மானியைக் கொண்டுவந்தார். தகடு எண்ணெய்ப் பிசுக்கில் கறுத்துப் போயிருந்தது, எழுத்து படிக்கும்படி இருந்தது. அதே எழுத்து உங்கள் தொழிற்சாலையிலிருந்தே டயலில் வந்தால், நான் தகடு வெட்டுவதை அன்றைக்கே நிறுத்திவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் மானிகளைச் சரிபார்க்கும் ஒருவர்